போகும் அம்பு, வரும் அம்பு: களத்தை வெளியிலிருந்து அடையாளம் காண்பது

சுவர்க் கடிகாரத்தில் 12-இல் தொடங்கி நான்கு நான்கு மணியாகத் தாண்டிப் பாருங்கள். 4, 8, மறுபடி 12. எத்தனை சுற்று போனாலும் இந்த மூன்று இடங்களில்தான் கால் பதியும். 1 மணிக்கு வந்து சேரவே முடியாது. அடுத்து கிழமைகளுக்கு வாருங்கள். ஞாயிறு 0, திங்கள் 1 என்று சனி 6 வரை எண் கொடுங்கள். ஞாயிறிலிருந்து மூன்று மூன்று நாளாகத் தாண்டினால் புதன், சனி, செவ்வாய், வெள்ளி, திங்கள். ஐந்தாவது தாண்டலிலேயே 1-க்கு வந்துவிட்டோம்.

அதாவது கிழமைக் கணக்கில் 3 × 5 = 1. அதேபோல 2 × 4 = 1, 6 × 6 = 1. பூச்சியத்தைத் தவிர எல்லா எண்ணுக்கும், பெருக்கினால் 1 தரும் ஒரு ஜோடி இருக்கிறது. கடிகாரக் கணக்கில் 4-க்கு அப்படி ஒரு ஜோடி கிடையாது. அதைவிட மோசம், 4 × 3 = 12, அதாவது 0. பூச்சியமல்லாத இரண்டு எண்கள் பெருக்கிப் பூச்சியமாகிவிடுகின்றன.

கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றும் ஒழுங்காக நடந்து, 1 என்ற எண்ணும் உள்ள அமைப்புக்கு வளையம் என்று பெயர். கடிகாரமும் வளையம், கிழமையும் வளையம், முழு எண்களும் வளையம். பெருக்கலில் வரிசையை மாற்றினாலும் விடை மாறாமல், 0-வும் 1-உம் வேறு வேறாக இருந்து, 0 தவிர எல்லாவற்றுக்கும் பெருக்கல் நேர்மாறு (பெருக்கினால் 1 தரும் அந்த ஜோடி) இருந்தால் அந்த வளையம் ஒரு களம். ஃபீல்டு என்று கல்லூரியில் படித்திருப்பீர்கள். கிழமை களம், கடிகாரம் களமல்ல. பெயருக்கு ஒரு சின்ன வேடிக்கையான வரலாறு உண்டு. ஜெர்மன் கணிதர் டெடெகிண்ட் 1871-இல் வைத்த சொல்லுக்கு ‘உடல்’ என்று பொருள். ஆங்கிலத்தில் ‘வயல்’ என்று ஆக்கியது 1893-இல் மூர் என்ற அமெரிக்கர். நாம் ஆங்கில வழியில் படித்ததால் நமக்கு அது களமாகிவிட்டது. ஜெர்மன் வழியில் படித்திருந்தால் இன்று உடல் என்று எழுதிக்கொண்டிருப்போம்.

மேலே சொன்ன வரையறை வளையத்துக்குள் நுழைந்து, ஒவ்வொரு உறுப்பாகத் தட்டிப் பார்த்து, ‘உனக்கு நேர்மாறு இருக்கிறதா’ என்று கேட்கிறது. 1945-இல் எய்லென்பெர்க், மக்லேன் என்ற இரண்டு கணிதர்கள் தொடங்கிவைத்த கேட்டகரி தியரியின் பழக்கம் வேறு. சம்பந்தம் பேசப் போகிறவர்கள் அந்த வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே தெருமுனைக் கடையில் விசாரித்துவிடுவார்களே, அந்த மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாது. யாரோடு என்ன போக்குவரத்து என்பதை மட்டும் வைத்து ஆளை எடைபோட வேண்டும். அந்தப் போக்குவரத்துக்குப் பெயர் மார்ஃபிசம். நான் அம்பு என்றே சொல்கிறேன். பலகையில் எல்லாரும் அப்படித்தான் வரைகிறார்கள்.

ஒரே வகை அமைப்புகளையும் அவற்றுக்கிடையே உள்ள அம்புகளையும் சேர்த்துக் கேட்டகரி என்பார்கள். ஆக, வளையங்களின் கேட்டகரியில் நின்றுகொண்டு, அம்புகளை மட்டும் பார்த்து, ‘இது களம்’ என்று சொல்ல முடியுமா? முடியும். அதுவும் இரண்டு விதமாக. அந்த இரண்டு விதமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதில்தான் எனக்கு ருசி.

அம்பு என்றால் என்ன?

ஒரு வளையத்திலிருந்து இன்னொரு வளையத்துக்குப் போகும் சார்பு. கூட்டலைக் கூட்டலாகவும் பெருக்கலைப் பெருக்கலாகவும் கொண்டுபோக வேண்டும். இதோடு இன்னொரு நிபந்தனை: 1 போய்ச் சேருமிடம் 1-ஆகத்தான் இருக்க வேண்டும். கேட்பதற்குச் சம்பிரதாயம் போலத் தெரியும். ஆனால் இந்தக் கட்டுரை முழுவதும் நிற்பது அந்த ஒற்றைக் காலில்தான்.

எடுத்துக்காட்டு: 12 மணிக் கடிகாரத்திலிருந்து 4 மணிக் கடிகாரத்துக்கு ஓர் அம்பு உண்டு. எந்த எண்ணையும் 4-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்வது. 5 போய் 1 ஆகும், 7 போய் 3 ஆகும், 4-உம் 8-உம் போய் 0 ஆகிவிடும். மூன்று எண்கள் (0, 4, 8) ஒரே புள்ளியில் நசுங்கிவிட்டன. கூட்டலும் பெருக்கலும் மட்டும் கெடவில்லை.

வளையங்களுக்குள் இரண்டு பேரைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று முழு எண் வளையம். அதிலிருந்து எந்த வளையத்துக்கும் சரியாக ஓர் அம்புதான் உண்டு. 1 போகும் இடம் முன்பே முடிவாகிவிட்டது. 2 என்பது 1 + 1, 3 என்பது 1 + 1 + 1. பிறகு எதைத் தேர்ந்தெடுக்க? இப்படிப்பட்டதை இனிஷியல் ஆப்ஜெக்ட், தொடக்கப் பொருள், என்பார்கள். மற்றவர் பூச்சிய வளையம். ஒரே ஓர் உறுப்பு, அதுவே 0, அதுவே 1. எல்லா வளையத்திலிருந்தும் அதற்குச் சரியாக ஓர் அம்பு உண்டு, ஏனென்றால் போவதற்கு இடமே ஒன்றுதான். இது டெர்மினல் ஆப்ஜெக்ட், முடிவுப் பொருள். இன்னொன்றையும் கவனியுங்கள். பூச்சிய வளையத்துக்குள் போன பிறகு வெளியே வர வழியில்லை. அங்கே 0-வும் 1-உம் ஒன்று; வெளியே வரும் அம்பு 0-வை 0-வுக்கும் 1-ஐ 1-க்கும் அனுப்பியாக வேண்டும்; அப்படியானால் போய்ச் சேரும் வளையத்திலும் 0 = 1. அதுவும் பூச்சிய வளையமே.

போகும் அம்புச் சோதனை

இப்போது முதல் சோதனை. பெருக்கலில் வரிசை மாற்றலாம் என்ற வளையங்களுக்குள் மட்டும் இருப்போம். ஒரு வளையத்திலிருந்து வெளியே போகும் எல்லா அம்புகளையும் பாருங்கள். பூச்சிய வளையத்துக்குப் போகும் அம்பைத் தள்ளிவிடுங்கள், அது எல்லாருக்கும் பொது. மீதி அம்புகள் அத்தனையும் ஒன்றுக்கு ஒன்றாக, எதையும் நசுக்காமல் போனால், அந்த வளையம் களம். (அந்த வளையமே பூச்சிய வளையமாக இருக்கக் கூடாது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

களம் ஏன் நசுங்காது? ஓர் அம்பு இரண்டு உறுப்புகளை ஒரே இடத்துக்கு அனுப்பினால், அவற்றின் வித்தியாசம் 0-வுக்குப் போகிறது. அந்த வித்தியாசத்தை க என்போம்; அது பூச்சியமல்ல. களத்தில் க-வுக்கு நேர்மாறு உண்டு, அது ச. க × ச = 1. க போய் 0 ஆனால் க × ச-வும் 0 ஆகும். அதாவது 1 போய் 0 ஆகிவிட்டது. ஆனால் 1 போய் 1 ஆக வேண்டும் என்பது விதி. இரண்டும் சேர்ந்தால் அங்கே 0 = 1, வந்து சேர்ந்த இடம் பூச்சிய வளையம். சுருக்கமாகச் சொன்னால், களத்தில் ஒரு செங்கலை உருவினால் மொத்த வீடும் விழுந்துவிடும்.

மறுபக்கம்: வளையம் களமல்ல என்றால், நேர்மாறு இல்லாத, பூச்சியமல்லாத ஓர் உறுப்பு இருக்கிறது. நம் கடிகாரத்தில் 4. அதன் மடங்குகள் அத்தனையையும் (0, 4, 8) 0 என்று ஒட்டிவிடுங்கள். மடங்குகளுக்குள் 1 வரவில்லை; வந்திருந்தால் 4-க்கு நேர்மாறு இருந்திருக்கும். எனவே 1 தப்பிக்கிறது, கிடைப்பது பூச்சிய வளையமல்ல, ஆனால் நசுங்கல் நடந்துவிட்டது. கட்டுரையின் தொடக்கத்தில் நாம் தாண்டித் தாண்டிப் போன மூன்று இடங்களும், நசுக்கும் அம்பில் 0 ஆகும் மூன்று எண்களும் ஒன்றே. 1 மணியை எட்ட முடியாததும் அம்பு நசுக்க முடிந்ததும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம். இப்படி 0-வாக ஒட்டத் தகுந்த கூட்டத்துக்கு ஐடியல் என்று பெயர். களத்தில் ஐடியல்கள் இரண்டே: 0 மட்டும் உள்ளது, முழுக் களமும்.

கறாரான வாசகர் ஒருவர் இங்கே கையைத் தூக்குவார். ‘ஒன்றுக்கு ஒன்று’ என்பது உறுப்புகளைப் பற்றிய பேச்சு. உள்ளே பார்க்கக் கூடாது என்றாயே? நியாயம்தான். அம்பு மொழியில் இதற்கு மோனோமார்ஃபிசம் என்று ஒரு சொல் உண்டு. வெவ்வேறு இரண்டு அம்புகளுக்குப் பின்னால் அதைக் கோத்தாலும் அவை வெவ்வேறாகவே இருக்க வேண்டும். வளையங்களில் இரண்டும் ஒன்றுதான். காரணம், முழு எண் கெழுக்களைக் கொண்ட, ய என்ற ஒரு மாறியில் அமைந்த பல்லுறுப்புக் கோவைகளின் வளையம். அதிலிருந்து ஒரு வளையத்துக்கு அம்பு விட வேண்டுமானால் ய எங்கே போகிறது என்று சொன்னால் போதும், எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆக அந்த அம்புகளும் வளையத்தின் உறுப்புகளும் ஒன்றுக்கு ஒன்று. கோவை வளையம் நமக்கு ஒரு சுட்டுவிரல். உறுப்பைத் தொட வேண்டிய இடத்திலெல்லாம் இந்த விரலால் சுட்டிக்கொள்ளலாம். இந்த விரல் பின்னால் மறுபடியும் வரும்.

வரிசையை மாற்ற விடாவிட்டால்?

அணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கு இரண்டு, மெய்யெண் அணிகள். இதுவும் வளையம்தான், ஆனால் பெருக்கும் வரிசையை மாற்றினால் விடை மாறும். எல்லா வளையங்களும் அடங்கிய இந்தப் பெரிய கேட்டகரியில் அதே வாக்கியத்தை, ஒரு எழுத்தும் மாற்றாமல், மறுபடி சொல்லிப் பார்ப்போம்: பூச்சிய வளையமல்லாத எதற்குப் போனாலும் நசுங்காமல் போகும் வளையம்.

நான்கு அணிகளுக்குப் பெயர் வைக்கிறேன். எல்லாவற்றிலும் ஒரே ஓர் இடத்தில் 1, மற்ற மூன்று இடத்திலும் 0. அந்த 1 மேல் இடது மூலையில் இருந்தால் அ, மேல் வலது மூலையில் இருந்தால் ஆ, கீழ் இடது மூலையில் இ, கீழ் வலது மூலையில் ஈ. இதில் அ களத்துக்கு லாயக்கில்லாத ஆள்: அ × ஈ = 0, எனவே அ-வுக்கு நேர்மாறு இருக்க வழியே இல்லை. கடிகாரத்தின் 4 போலவே. சரி, அ-வை 0-வுக்கு அனுப்பும் ஓர் அம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

தாளும் பேனாவும் எடுத்து இ × அ × ஆ பெருக்கிப் பாருங்கள். ஈ வரும். நடுவில் நிற்கும் அ போய் 0 ஆனதால் ஈ-யும் போய் 0. ஆனால் அ + ஈ என்பது அலகு அணி, இந்த வளையத்தின் 1. அதுவும் போய் 0. வீடு விழுந்துவிட்டது. அ-வுக்குப் பதில் பூச்சியமல்லாத வேறு எந்த அணியை எடுத்தாலும் இதே கதி. அதில் பூச்சியமல்லாத ஓர் இடத்தைத் தேடி, இடப்பக்கமும் வலப்பக்கமும் பொருத்தமான அணிகளால் பெருக்கினால் அந்த எண் மட்டும் மேல் இடது மூலைக்கு வந்து நிற்கும். பிறகு அதே வழி. கடிகாரத்தின் 4-ஐ ஒரு பக்கம் பெருக்கி 1-ஐ எட்ட முடியவில்லை. அணியில் இரண்டு பக்கமும் பெருக்கலாம், கிடைத்தவற்றைக் கூட்டவும் செய்யலாம். அந்தக் கூடுதல் பலத்தால் 1-ஐ எட்டிவிடுகிறோம்.

ஆக, இந்த அணி வளையம் களத்துக்கு அருகிலேயே வராவிட்டாலும் போகும் அம்புச் சோதனையில் தேறிவிட்டது. பெரிய கேட்டகரியில் இந்தச் சோதனையில் தேறுபவைக்கு எளிய வளையம் என்று பெயர். ‘எளிய’ என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மேலும் உடைக்க முடியாதது என்ற பொருளில்தான் அந்தச் சொல். படிக்க எளிது என்ற பொருளில் இல்லை. என் எம்.எஸ்சி. நோட்டில் களத்துக்கு ஒரு பக்கம், எளிய வளையத்துக்கு நாற்பது பக்கம் தள்ளி இன்னொரு பக்கம், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாத இரண்டு வரையறைகளாக எழுதி வைத்திருந்தேன். தேர்வுக்கும் அப்படியே மனப்பாடம் செய்தேன். ஒரே வாக்கியத்தைச் சின்ன வீட்டில் (வரிசை மாற்றலாம் என்ற வளையங்களுக்குள்) சொன்னால் களம், பெரிய வீட்டில் (எல்லா வளையங்களுக்குள்ளும்) சொன்னால் எளிய வளையம் என்று அன்றே தெரிந்திருந்தால் ஒரு பக்கம் மிச்சம்.

இரண்டு பள்ளங்கள்

முதல் பள்ளம்: இந்த வாக்கியத்தை அப்படியே குலங்களுக்குக் கொண்டுபோகக் கூடாது. (குலம், ஆங்கிலத்தில் குரூப், என்பது ஒரே ஒரு செயல் உள்ள அமைப்பு; அதில் எதையும் மாற்றாத உறுப்பு சமனி, எல்லா உறுப்புக்கும் நேர்மாறு உண்டு.) குலங்களில் எந்தக் குலத்திலிருந்தும் எந்தக் குலத்துக்கும் எல்லாவற்றையும் சமனியில் நசுக்கும் ஓர் அம்பு எப்போதும் இருக்கிறது. எனவே ‘எங்கே போனாலும் நசுங்காது’ என்ற சோதனையில் ஒரு குலமும் தேறாது. வளையத்தில் அந்தச் சோம்பேறி அம்பைத் தடுத்தது 1 போய் 1 ஆக வேண்டும் என்ற நிபந்தனைதான். குலத்துக்கும் வளையத்துக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டுமானால், நசுக்கிக் கிடைக்கும் வடிவங்கள் சரியாக இரண்டு, ஒன்று தானே, மற்றது முடிவுப் பொருள், என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் குலங்களில் எளிய குலமும் கிடைத்துவிடும்.

இரண்டாம் பள்ளம் அங்கேயே காத்திருக்கிறது. ‘நசுக்கிக் கிடைக்கும் வடிவம்’ என்பதை அம்பு மொழியில் எபிமார்ஃபிசம் என்று அவசரப்பட்டு எழுதிவிடுவார்கள். வெவ்வேறு இரண்டு அம்புகளுக்கு முன்னால் அதைக் கோத்தாலும் அவை வெவ்வேறாகவே இருந்தால் அது எபிமார்ஃபிசம். முழு எண்களிலிருந்து விகிதமுறு எண்களுக்குப் போகும் அம்பு ஓர் எபிமார்ஃபிசம். விகிதமுறு எண்களிலிருந்து கிளம்பும் இரண்டு அம்புகள் முழு எண்களில் ஒத்துப்போனால், எல்லா இடத்திலும் ஒத்துப்போகும். ½ போகும் இடம் 2 போகும் இடத்தின் நேர்மாறு, நேர்மாறு ஒன்றுக்குமேல் இருக்க முடியாது. ஆனால் இந்த அம்பு எதையும் நசுக்கவுமில்லை, எல்லா உறுப்பையும் எட்டவுமில்லை. இதனால் ‘ரெகுலர்’ எபிமார்ஃபிசம் என்று அடைமொழி சேர்க்கிறார்கள். இரண்டு அம்புகளை ஒன்றாக ஒட்டுவதால் பிறக்கும் எபிமார்ஃபிசம் என்று பொருள். ஒரு ஆச்சரியம், களங்களுக்கு இந்த அடைமொழி தேவையே இல்லை. களத்திலிருந்து கிளம்பும் எபிமார்ஃபிசம், ஒன்று அந்தக் களத்தின் சம வடிவுக்குப் போகும், அல்லது பூச்சிய வளையத்துக்குப் போகும், மூன்றாவது கிடையாது. எளிய வளையங்களில்தான் அடைமொழி இல்லாமல் மாட்டிக்கொள்வோம்.

களங்களை மட்டும் தனியாக ஒரு கேட்டகரியாக வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றலாம். வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது வாழ வசதியில்லாத ஊர். தொடக்கப் பொருளும் கிடையாது, முடிவுப் பொருளும் கிடையாது. கிழமைக் களத்துக்கும் விகிதமுறு எண்களுக்கும் இடையில் எந்தப் பக்கமும் அம்பு இல்லை. ஒன்றில் 1-ஐ ஏழு முறை கூட்டினால் 0, மற்றதில் ஒருபோதும் இல்லை. இரண்டு களங்களை ஜோடி சேர்த்து ஒரு பெருக்கம் செய்யலாமென்றால் (1, 0) × (0, 1) = (0, 0) என்று உடனே கெட்டுவிடுகிறது. உள்ள அம்பெல்லாம் ஒன்றுக்கு ஒன்று என்பதால் போகும் அம்புச் சோதனை அங்கே எதையும் சொல்லாது. களத்தின் குணம் தெரிய வேண்டுமானால், களமல்லாதவர்களோடு அதைப் பழகவிட்டுப் பார்க்க வேண்டும்.

வரும் அம்புச் சோதனை

இதுவரை வளையத்திலிருந்து வெளியே போகும் அம்புகளைப் பார்த்தோம். உள்ளே வரும் அம்புகளைப் பார்த்தால்? சுட்டுவிரல் வளையத்தைக் கூப்பிடுங்கள். அதற்கு இரண்டு உறவினர்கள் உண்டு. ய-வை 0 என்று ஆக்கிவிட்டால் கிடைப்பது முழு எண் வளையம். ய-வுக்கு நேர்மாறையும் சேர்த்துவிட்டால் கிடைப்பது, எதிர் அடுக்குகளும் அனுமதிக்கப்பட்ட கோவை வளையம். சுட்டுவிரலிலிருந்து இந்த இரண்டுக்கும் அம்பு உண்டு. இவற்றை இரண்டு வாசல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: பூச்சிய வாசல், நேர்மாறு வாசல்.

சோதனை இது: சுட்டுவிரலிலிருந்து நம் வளையத்துக்கு வரும் ஒவ்வோர் அம்பும் இந்த இரண்டு வாசல்களில் சரியாக ஒன்றின் வழியாகத்தான் வர வேண்டும். அவிழ்த்துப் பார்த்தால், ஒவ்வோர் உறுப்பும் ஒன்று 0, அல்லது நேர்மாறு உள்ளது; இரண்டும் ஒருசேர இல்லை. பூச்சிய வளையத்தில் ஒரே அம்பு இரண்டு வாசலிலும் வந்துவிடும் என்பதால் அது தானாகவே கழிந்துபோகிறது. அதற்கென்று தனி நிபந்தனை போட வேண்டியதில்லை. இந்த வரையறை எனக்கு முதலாவதைவிடப் பிடிக்கும்.

சின்ன வீட்டில், பெருக்கல் வரிசை மாற்றக்கூடிய வளையங்களில், இந்தச் சோதனையிலும் தேறுவது களம்தான். போகும் அம்பைக் கேட்டாலும் வரும் அம்பைக் கேட்டாலும் ஒரே பதில். பெரிய வீட்டில் பதில் பிரிகிறது. வரும் அம்புச் சோதனையில் தேறுபவை வகுத்தல் வளையங்கள்: நேர்மாறெல்லாம் உண்டு, வரிசை மாற்றும் உரிமை மட்டும் இல்லை. 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாய்க் கரையோரம் நடந்துபோன கணிதர் ஹாமில்டனுக்கு ஒரு பாலத்தருகே தோன்றிய குவாட்டர்னியன்கள் (நான்கு மெய்யெண்களைச் சேர்த்து ஆக்கிய எண்கள்) இந்த வகை. நேர்மாறு உள்ள இடத்தில் ஒரு செங்கல் உருவினால் வீடு விழும் என்ற வாதத்துக்கு வரிசை மாற்றும் உரிமை தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? எனவே வகுத்தல் வளையம் எல்லாமே எளிய வளையமும்கூட. திரும்பிப் பார்த்தால் அப்படி இல்லை. நம் அ அணி இரண்டு வாசலிலும் நுழைய முடியாமல் வெளியே நிற்கிறது: அது 0 அல்ல, நேர்மாறும் இல்லை.

முடிவுள்ள வளையங்களில் இந்தப் பிரிவைக் கையாலேயே எண்ணிப் பார்க்கலாம். முடிவுள்ள வகுத்தல் வளையத்தில் வரிசை மாற்றும் உரிமை தானாகவே வந்துவிடும், அது களம்தான், என்று 1905-இல் வெடர்பர்ன் காட்டினார். போகும் அம்புச் சோதனையில் தேறும் முடிவுள்ள வளையம் எதுவானாலும், ஏதோ ஒரு முடிவுள்ள களத்தின் மேல் அமைந்த அணி வளையம். களமல்லாதவற்றில் ஆகச் சிறியது, 0-வும் 1-உம் மட்டும் உள்ள, 1 + 1 = 0 ஆகும் களத்தின் மேல் இரண்டுக்கு இரண்டு அணிகள். மொத்தம் 16 அணிகள். ஒரு தாளில் அடங்கும். பூச்சிய வாசலில் நுழைவது 1, நேர்மாறு வாசலில் நுழைவது 6. மீதி 9 அணிகள் எந்த வாசலிலும் நுழைய முடியாமல் வெளியே நிற்கின்றன. ஆனால் அந்த ஒன்பதில் எதை 0-வுக்கு அனுப்பினாலும் மற்ற பதினைந்தும் கூடவே போய்விடும்.